சீட்டுக்காசும் பிப் படிவமும்

கடன் ஆலோசனைக்கு வருகிற நம்மவர்கள் முதலில் கடனைப் பற்றிக் கதைப்பதில்லை. நித்திரையைப் பற்றித்தான் கதைப்பார்கள். "ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு விடியுமட்டும் முழிப்புத்தான் தம்பி" என்று தொடங்கி, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, சாப்பாடு இறங்காதது எல்லாம் சொல்லி முடித்து, எழும்பிப் போகிற நேரத்தில் கதவுக்குக் கிட்ட நின்று "இன்னொரு சின்னப் பிரச்சினையும் இருக்கு" என்பார்கள். அந்தச் சின்னப் பிரச்சினை 14,000 பவுணாக இருக்கும்.

கிழக்கு லண்டனில் ஓர் ஆலோசனை நிலையத்தில் வியாழக்கிழமைகளில் தொண்டராக இருக்கிறேன். கடன் விஷயத்தில் முடிவு சொல்லும் தகுதி எனக்கில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்கிறார். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கடிதம் வாசிப்பது, படிவம் நிரப்புவது, ஃபோனில் காத்திருப்பது, இவைதான் என் வேலை. கீழே வருகிறவர்கள் பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதப்பட்டவர்கள். "இது எங்கட மாமி இல்லையோ" என்று யாரும் கண்டுபிடித்தால், அது உங்கள் மாமி இல்லை.

கடனையும் மனநோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு பிரித்தானியாவில் புதிதல்ல. தொலைக்காட்சியில் காசு மிச்சம் பிடிக்க வழி சொல்லும் மார்ட்டின் லூயிஸ் 2016இல் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். கடன் சிக்கலில் மாட்டியிருப்பவர்களில் 46 சதவீதத்தினருக்கு மனநலப் பிரச்சினையும் இருக்கிறது என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். மனச்சோர்வு வந்தவர் இரண்டு ஷிஃப்டை விடுவார், வாடகை தவறும். மனம் அளவுக்கு மீறிக் கிளர்ந்திருக்கும் வாரத்தில் ஒருவர் மூன்று கிரெடிட் கார்டையும் முடித்துவிட்டு, பிறகு ஆறு மாதம் போர்வைக்குள் கிடப்பார். கடன்காரருடைய ஃபோனுக்குப் பயந்து நித்திரை போனவருக்கு நாளடைவில் நோயே வந்துவிடும்.

இந்த நாட்டில் மனநோயாளிக்கென்று இருக்கிற ஏற்பாடுகள் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். உண்மையில் நன்றாகவே யோசித்துச் செய்த சில ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் போகிற வழி, ஒரு கடிதத்தைப் பிரிப்பதிலோ ஒரு நம்பருக்கு ஃபோன் எடுப்பதிலோதான் தொடங்குகிறது. அந்த இரண்டையும் செய்ய முடியாமல் இருப்பதுதானே அந்த ஆளுடைய நோய்.

கவுன்சில் டாக்ஸை, அதாவது குடியிருக்கும் வீட்டுக்காக உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வரியை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். அதில் சொன்ன 7 நாளில் கட்டாமல் விட்டால், கொஞ்ச நாளில் மாதத் தவணை என்ற வசதியே போய், அந்த வருடத்து மிச்சத் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டு என்று ஆகிவிடும். பிறகு நீதிமன்ற அழைப்பு, அதன் செலவு. பிறகு பெய்லிஃப், அதாவது பாக்கிக்காகப் பொருட்களை எடுத்துப்போக வருகிற ஆள், அவருடைய கட்டணம். ஒவ்வொரு படியிலும் ஒரு கடிதம், ஒவ்வொரு கடிதத்திலும் "எங்களோடு தொடர்புகொள்ளுங்கள்" என்று ஒரு வரி. முதல் கடிதத்திலேயே ஒருவர் ஃபோன் எடுத்து நிலைமையைச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும்.

பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்த ஓர் அண்ணை சுப்பர்மார்க்கெட் பை ஒன்று நிறையக் கடிதங்களோடு வந்தார். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. அவரைக் கொண்டு பிரிக்கச் சொல்வதில்லை. தேத்தண்ணி ஒன்றைக் கொடுத்து இருத்திவிட்டு நாங்கள் பிரிப்போம். மண்ணிற உறைகள் ஒரு பக்கம், அவை அரசாங்கத்திலிருந்து வருகிறவை. கவுன்சில் கடிதங்கள் ஒரு பக்கம். கண்ணாடிச் சன்னல் வைத்த வெள்ளை உறைகள்தான் கூட. திகதிப்படி அடுக்கிக்கொண்டு போனபோது அந்த வெள்ளைக் கடிதங்கள் நாலு கம்பனிப் பெயரில் இருந்தன. அண்ணை நாலு இடத்தில் கடன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கணக்கு இலக்கத்தையும் தொகையையும் வைத்துப் பார்த்தால் அந்த நாலில் மூன்று, ஒரே கிரெடிட் கார்ட் கடன். வங்கி அதை ஒரு கடன் வசூல் கம்பனிக்கு விற்றிருக்கிறது, அது இன்னொன்றிடம் கொடுத்திருக்கிறது. உறையின் வெளிப்பக்கத்துப் பெயர்களை மட்டும் பார்த்துப் பார்த்தே மனிதர் அந்தக் கடனை மூன்று மடங்காக்கி நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். அன்றைக்கு நாங்கள் ஒரு சதமும் குறைக்கவில்லை. ஆனாலும் கடன் பாதியாகக் குறைந்த மாதிரி அவருடைய முகம் இருந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பழைய கடன் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாதாரணக் கடன்களுக்கு 6 வருடக் காலாவதி உண்டு. அந்தக் காலத்தில் காசும் கட்டாமல், கடன் என்னுடையதுதான் என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளாமலும், வழக்கும் வராமலும் இருந்தால், பிறகு நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. பயத்தில் 5 பவுண் கட்டிவிட்டால் காலக் கணக்கு திரும்ப முதலிலிருந்து தொடங்கிவிடலாம். ஆகவே ஃபோனில் வெருட்டுகிறார்கள் என்று உடனே எதையாவது கட்டிவிடாதீர்கள். முதலில் யாரிடமாவது காட்டுங்கள்.

சரி, பிரித்து அடுக்கிய பிறகு என்ன? முதலில் மூச்சுவிட நேரம் வாங்குவது. 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிரீதிங் ஸ்பேஸ் என்ற சட்ட ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. பதிவுபெற்ற கடன் ஆலோசகர் ஒருவர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாட்களுக்குப் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, தண்டப் பணம் ஏறாது, பெய்லிஃப் வரக்கூடாது, கடன் கேட்டு ஃபோன்கூட எடுக்கக்கூடாது. கவுன்சில் டாக்ஸ் பாக்கி, வாடகைப் பாக்கி, கரண்ட் பில் எல்லாம் இதற்குள் வரும். நீதிமன்ற அபராதம், பிள்ளைப் பராமரிப்புக் காசு, மாணவர் கடன் போன்றவை வராது. வழக்கமான வாடகையையும் பில்லையும் அந்த 60 நாளும் தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கே இன்னொரு வடிவம் உண்டு. நம்மவர்களில் அதைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒருவர் மனநல நெருக்கடியில் சிகிச்சை பெறுகிறார் என்றால், அதாவது சட்டத்தின்கீழ் வார்டில் வைக்கப்பட்டிருக்கிறார், அல்லது நெருக்கடிச் சிகிச்சைக் குழு வீட்டுக்கு வந்து பார்க்கிறது என்றால், அந்தச் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும், அது முடிந்து மேலும் 30 நாட்களும், இதே பாதுகாப்புக் கிடைக்கும். 60 நாள் என்ற எல்லை இல்லை. வருடத்துக்கு ஒரு முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. நோயாளி தானே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மனைவி, பராமரிப்பவர், தாதி, சமூகப் பணியாளர் யாராவது செய்யலாம். அங்கீகாரம் பெற்ற மனநல அலுவலர் ஒருவர், சிகிச்சை நடப்பது உண்மை என்று சான்று கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு வார்டு என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. ஆனால் வார்டில் இருக்கிறவருடைய குடும்பத்துக்கு யார் இதைச் சொல்வது? மகனை வார்டில் வைத்திருக்கிறார்கள் என்பதையே சொந்தக்காரருக்கு "மகன் படிப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற தாய்க்கு, அவனுடைய கார் கடனைப் பற்றித் தாதியிடம் கேட்கத் தோன்றுமா? அப்படியானவர்கள் இதை வாசித்தால், அடுத்த முறை போகும்போது வார்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிரீதிங் ஸ்பேஸுக்குச் சான்று தருவீர்களா? "பிரீதிங் ஸ்பேஸ்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும், அவர்களுக்கு விளங்கும்.

நேரம் வாங்கிய பிறகு எல்லாரும் கேட்பது, எந்தக் கடனை முதலில் கட்டுவது என்று. எங்கள் ஆலோசகர் அதற்கு உடனே பதில் சொல்லமாட்டார். வருமானம் முழுதாக வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். வரவேண்டிய காசு வராமல் இருக்கிறபோது மாதம் 20 பவுண் கட்டும் திட்டம் போட்டுக் கொடுப்பது, இன்னும் மூன்று மாதத்தில் திரும்ப வாருங்கள் என்று சொல்வதற்குச் சமம். எங்களிடம் வருகிறவர்களுக்கு வரவேண்டியிருந்தும் வராத காசு என்றால், அது பெரும்பாலும் பிப் (PIP), நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிக்காசு.

பிப் என்பது நோயின் பெயருக்குக் கிடைக்கும் காசு அல்ல. நோயால் அன்றாடக் காரியங்கள் எப்படி முடங்குகின்றன என்பதற்குக் கிடைப்பது. வேலை செய்துகொண்டும் வாங்கலாம், வங்கியில் சேமிப்பு இருந்தாலும் வாங்கலாம், வரி இல்லை. சமையல், சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, ஆட்களோடு பழகுவது, காசை நிர்வகிப்பது என்று 10 அன்றாடச் செயல்கள். வெளியே போய்வருவதற்கு 2. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அன்றாடப் பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம். 2025-26இல் அன்றாடப் பிரிவின் சாதாரண விகிதம் வாரம் 73.90 பவுண். கை கால் நன்றாக இருக்கிறவருக்கு இது இல்லை என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். "அது ஏலாத ஆக்களுக்கெல்லோ" என்பார்கள். ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் செய்வேன் என்ற நிலைக்கும் புள்ளி உண்டு என்பது தெரியாது.

ஓர் அக்கா. வன்னியில் 2009 வரைக்கும் இருந்து வந்தவர். கணவர் கடையில் வேலை. பிள்ளைகள் இரண்டும் படிக்கிறார்கள். அவருக்குப் படிவம் நிரப்பும்போது நடந்தது இது.

"சமைப்பீங்களோ அக்கா?"

"ஓம் தம்பி, சமைக்கிறனான். சமைக்காமல் என்ன?"

"நேற்று என்ன சமைச்சனீங்கள்?"

யோசித்தார். "நேற்று பிள்ளையள் பீட்சா எடுத்தவை."

"முந்தநாள்?"

"முந்தநாள் இவர் கடையில இருந்து கொத்துரொட்டி கொண்டந்தவர்."

"அப்ப கடைசியாச் சமைச்சது எப்ப?"

அதற்கு நேரம் எடுத்தது. "போன கிழமை ஒருநாள். வெங்காயம் உரிச்சுப்போட்டு அப்பிடியே இருந்திட்டன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தால வந்து, அம்மா, இனி அரிசியைப் போடுங்கோ எண்டாள். போட்டன். அவள் நிண்டு சொல்லச் சொல்லச் செய்தன்."

படிவத்தில் எழுதவேண்டியது இந்தக் கடைசிப் பதில்தான். "சமைப்பேன்" என்ற முதல் பதிலுக்கு 0. ஒருவர் தூண்டினால்தான் சமைப்பேன் என்பதற்கு 2. குளிக்கவும் மகள் சொல்ல வேண்டும், அதற்கு 2. இரவு உடுப்பை மாற்றாமலே நாட்கள் போகும், யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் மாற்றுவார், அதற்கு 2. பில் என்று எது வந்தாலும் கணவர்தான் பார்க்க வேண்டும், அதற்கும் 2. கூட்டினால் 8.

அக்காவுக்கு இப்படி எழுதுவது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பிள்ளையளைப் பட்டினி போடுற தாய் மாதிரியெல்லோ இருக்கு" என்றார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு மனிசியின் மானத்தை வரிவரியாகக் கழற்றித் தாளில் வைக்கிற வேலை அது. ஆனால் சட்டமே அப்படித்தான் கேட்கிறது. செய்ய முடியுமா என்று மட்டும் பார்க்காமல், ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையானபோதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் முடியாது என்றால், முடியாது என்றே கணக்கு. ஆகவே நல்ல நாளை நினைத்துப் பதில் சொல்லாதீர்கள். கெட்ட நாட்கள் மாதத்தில் எத்தனை, அன்றைக்கு என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்.

2, 2, 2, 2 என்று கூடி வருகிற இந்த 8, மனநோய்க்காரர்களிடம் அடிக்கடி பார்க்கிற கணக்கு. ஒரே இடத்தில் பெரிய முடக்கம் இல்லை, எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம். 2025 மார்ச்சில் அரசாங்கம், ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருந்தால்தான் அன்றாடப் பிரிவுக் காசு என்று விதியை மாற்றப்போவதாக அறிவித்தது. அது வந்திருந்தால் அக்காவின் 8 புள்ளிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. சொந்தக் கட்சி எம்பிக்களே எதிர்த்து நின்றதால் ஜூலைத் தொடக்கத்தில் மசோதாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிப்பை எப்படி மாற்றுவது என்று பார்க்கும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் போனது. அவர் எங்கள் ஈஸ்ட் ஹாம் எம்பி. இப்படி ஒரு தடவை முன்பும் நடந்திருக்கிறது. மன வேதனையால் தனியே வெளியே போக முடியாதவர்களுக்குப் போக்குவரத்துப் புள்ளியைக் குறைத்து 2017இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது பாரபட்சம் என்று தள்ளிவிட்டது.

படிவம் போன பிறகு மதிப்பீடு. பெரும்பாலும் ஃபோனில். இங்கேதான் நம்முடைய நல்ல பழக்கமெல்லாம் நமக்கு எதிராக வேலை செய்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் மரியாதையாக "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் "நல்லா இருக்கிறன்" என்றுதான் வரும். அது குறிப்பில் ஏறும். நேரில் போகச் சொன்னால் நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அதுவும் குறிப்பில் ஏறும், "நன்றாக உடுத்தி வந்திருந்தார்" என்று. மொழிபெயர்க்க மகனைக் கூட்டிக்கொண்டு போவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருமா என்று கேட்கிறார்கள். 15 வயதுப் பையன் அதைத் தாயிடம் எப்படிக் கேட்பான்? கேட்டாலும் அவனுக்கு முன்னால் தாய் என்ன சொல்வாள்? "இல்லை" என்றுதான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். பக்கத்தில் ஆதரவுக்கு ஒருவரை வைத்திருக்கலாம். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஜி.பி., அதாவது குடும்ப டொக்டர், எழுதி வைக்கும் குறிப்புகள். நம்மவர்களின் கோப்பைப் பார்த்தால் பத்து வருடமாகத் தலையிடி, முதுகு நோ, நித்திரைக் குளிசை, வாயுத் தொல்லை. மனம் பற்றி ஒரு வரி இருக்காது. டொக்டரிடம் மனதைப் பற்றிக் கதைத்தால் விசர்ப் பட்டம் கட்டிவிடுவார்கள், வேலை போய்விடும், மகளுக்குச் சம்பந்தம் வராது என்ற பயம். பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மண்டபங்களில் எப்படிக் கதைக்கிறார்கள் என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பிப்புக்கும் சரி, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் யுனிவர்சல் கிரெடிட்டில் வேலை செய்ய முடியாதவர் என்று காட்டுவதற்கும் சரி, கோப்பில் இல்லாத நோயை நம்பவைப்பது பெரிய பாடு. சித்திரவதையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் போன்ற அமைப்புகள் சிகிச்சை கொடுக்கின்றன. அங்கே போயிருப்பவர்களிடம் நல்ல மருத்துவ அறிக்கை இருக்கும், அதையும் சேர்த்து அனுப்புங்கள். மற்றவர்கள் அடுத்த முறை தலையிடிக்குப் போகும்போது தலையிடிக்குக் காரணமானதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிப் கிடைத்துவிட்டால் அதோடு வேறு கதவுகளும் திறக்கும். பெனிபிட் உச்சவரம்பு, அதாவது ஒரு குடும்பம் மொத்தமாக வாங்கக்கூடிய அரசாங்க உதவிக்காசுக்கு இருக்கிற எல்லை, அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது. கடுமையான, நிரந்தரமான மனப் பாதிப்பு என்று டொக்டர் சான்று கொடுத்து, அன்றாடப் பிரிவு பிப் போன்ற ஒரு பெனிபிட்டும் இருந்தால், தனியே இருக்கிறவருக்குக் கவுன்சில் டாக்ஸே இல்லை. அவரோடு இன்னொரு பெரியவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் குறையும். மறதி நோய்க்காரருக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கிட்சோஃப்ரினியா உள்ள சிலருக்கும் பொருந்தும். கடன்காரருக்குக் காட்டவும் ஒரு மருத்துவப் படிவம் இருக்கிறது. 2019 முதல் இங்கிலாந்தில் ஜி.பி. அதை நிரப்பக் காசு கேட்கக்கூடாது. அதை அனுப்பினால் சில கம்பனிகள் வட்டியை நிறுத்தும், சில கடனையே விட்டுவிடும், சில அசையாது.

கட்டவே வழியில்லாதவர்களுக்கு டெட் ரிலீஃப் ஆர்டர். திவால் ஆவதற்குச் சின்னத் தம்பி மாதிரி ஒன்று. 12 மாதம் யாரும் கை வைக்க முடியாது, நிலைமை மாறாவிட்டால் அதன் முடிவில் அதில் சேர்த்த கடன்கள் அழிந்துவிடும். முன்பு இதற்கு 90 பவுண் கட்டணம் இருந்தது. கடனில் இருக்கிறவரிடம் கடனை அழிக்க 90 பவுண் கேட்டார்கள்! 2024 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஜூனில் கடன் எல்லையை 30,000இலிருந்து 50,000 பவுணாக உயர்த்தினார்கள். பெற்றோல் ஷெட் அண்ணைக்கு இதுதான் பொருந்தியது.

சீட்டு இந்தச் சட்டங்களுக்குள் சரியாக அடங்காது. சட்டப்படி முன்னுரிமைக் கடன் என்று ஒரு பட்டியல் உண்டு: வாடகை, கவுன்சில் டாக்ஸ், காஸ், கரண்ட், நீதிமன்ற அபராதம். கட்டாவிட்டால் வீடு போகும், வெளிச்சம் போகும், சிறைக்கும் போகலாம் என்பவை. கிரெடிட் கார்டெல்லாம் பின்னுக்கு. சீட்டுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை, ஏனென்றால் அதற்குத் தாளே இல்லை. சீட்டுக்காரியின் கொப்பியில் பெயரும் தொகையும்தான். ஆனால் எங்கள் ஆட்களின் மனதில் அதுதான் முதலாவது. கழிவு போகக் காசை எடுத்துவிட்டு மிச்ச மாதங்களைக் கட்டாமல் விட்டவர் கோயிலுக்குப் போக முடியாது, பூப்புனித நீராட்டுக்குப் போக முடியாது. நோயில் கிடக்கிறவருக்கு மிஞ்சியிருக்கிற நாலு மனிதத் தொடர்பும் அதோடு அறுந்துபோகும். ஆகவே வாடகையை விட்டுவிட்டுச் சீட்டைக் கட்டுவார்கள். ஆலோசகர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனாலும் வீடு போய்விட்டால் சீட்டைக் கட்டி என்ன என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வட்டிக்கு விடுகிறவர்கள் விஷயம் வேறு. அனுமதி இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பது இந்த நாட்டில் குற்றம், வாங்கியவர் மீது குற்றமில்லை. பாஸ்போர்ட்டையோ வங்கி அட்டையையோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

விசாவில் "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" (அரசாங்க உதவிக்காசு வாங்கக்கூடாது) என்று எழுதியிருப்பவர்கள், அதாவது பெரும்பாலான மாணவர், வேலை விசாக்காரர், கலியாணம் முடித்து வந்தவர்கள், பிப்போ யுனிவர்சல் கிரெடிட்டோ போடக்கூடாது. போட்டால் விசாவுக்கே சிக்கல். ஆனால் கடன் ஆலோசனையும் பிரீதிங் ஸ்பேஸும் அந்தத் தடைக்குள் வராது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள், பிப்புக்கு மற்றவர்கள் காட்டவேண்டிய இரண்டு வருட வதிவைக் காட்டத் தேவையில்லை. யுனிவர்சல் கிரெடிட்டில் நோயால் வேலை செய்ய முடியாதவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் மருத்துவக் கூறு 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய பாதி. மிகக் கடுமையான, வாழ்நாள் முழுவதும் மாறாத நிலை என்றால் விதிவிலக்கு. ஏறி இறங்கும் மனநோயை எத்தனை பேருக்கு அப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஆலோசனைக்குத் தமிழ் நிலையம்தான் வேண்டும் என்றில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நாஷனல் டெட்லைன் (0808 808 4000) எல்லாம் இலவசம். காசு கேட்கிற கடன் ஆலோசகர் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கடன் பேச்சுக்கு முன்னால் சமரிட்டன்ஸுக்கு, 116 123க்கு எடுங்கள். இரவு இரண்டு மணிக்கும் ஆள் இருக்கும்.

அக்காவுக்கு முடிவு வந்தபோது அன்றாடப் பிரிவில் 2 புள்ளி. ஃபோனில் தெளிவாகப் பதில் சொன்னார், அமைதியாக இருந்தார் என்று எழுதியிருந்தது. கணவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு "நான் அப்பவே சொன்னனான்" என்றார். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், கேட்டோம். மாற்றமில்லை. அதற்குப் பிறகு தீர்ப்பாயம். நம்மவர்களில் பெரும்பாலோர் நின்றுவிடுகிற இடம் இதுதான். கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் "வேண்டாம் தம்பி, கேஸ் கீஸ் எண்டு" என்பார்கள். பிப் வழக்குகளில் தீர்ப்பாயம் வரை போகிறவர்களில் பாதிக்கும் அதிகமானோர் வெல்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முன்னால் மூன்று பேர்: நீதிபதி, ஒரு டொக்டர், மாற்றுத்திறனாளிகள் பற்றி அனுபவமுள்ள ஒருவர். கறுப்பு அங்கியும் இல்லை, கூண்டும் இல்லை, ஒரு மேசை. மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அக்காவின் மகள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம் கோப்பில் இருந்தது. டொக்டர் அதை வாசித்துவிட்டு, வெங்காயம் உரித்த அந்த நாளைப் பற்றி ஆறுதலாக, அவசரப்படுத்தாமல் கேட்டார். அக்கா இந்த முறை சமைப்பேன் என்று சொல்லவில்லை. 10 புள்ளி கொடுத்தார்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து நிலுவைக் காசு ஒரேயடியாக வந்தது.

வாடகைப் பாக்கியில் ஒரு பகுதியையாவது கட்டுங்கோ என்று சொல்லியிருந்தேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். நேரே போய்ச் சீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வியாழன் வந்து, "அவ இப்ப என்னோட கதைக்கிறா தம்பி, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனனான்" என்றார். எங்கள் ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வாடகைக் கோப்பை எடுத்தார். இனி ஹவுசிங் அசோசியேஷனுக்கு ஃபோன் எடுத்துத் தவணை பேச வேண்டும். வரிசையில் எப்படியும் முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வைப்பார்கள். வரும்போது சாப்பிட்டுவிட்டு வாங்கோ என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.